அடைத்த வாசலில் ஒரு திண்ணை

கொரோனா காலத்தில் கரமனையும் அதைச் சுற்றிய ஊர்களும் கதையாலும் பாட்டாலும் பொம்மையாலும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்ட கதை

2020 செப்டம்பர் கடைசி வாரம். கரமனை அக்ரஹாரத்தில் என் அத்தை பரணில் கிடந்த செய்தித்தாள்களை இறக்கி, விரலளவுத் துண்டுகளாகக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அன்றன்றைய தொற்று எண்ணிக்கை, மாவட்டவாரிப் பட்டியல், அடைக்கப்பட்ட வார்டுகளின் பெயர்கள் என்று ஆறு மாதத்துச் செய்தி மூன்று நாளில் கரைந்து கூழானது. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து, அந்தக் கூழோடு சேர்த்து உரலில் இடித்தாள். அந்தக் காலத்தில் பாட்டிமார் காகிதக்கூடை செய்த அதே முறைதான். கூடைக்குப் பதிலாக அத்தை பொம்மை செய்தாள்.

கொலுவுக்கு வருஷம் ஒரு பொம்மையாவது புதிதாக வர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் காஞ்சிபுரத்துப் பொம்மையோ மதுரை விளாச்சேரிப் பொம்மையோ கிழக்கே கோட்டைக் கடைகளுக்கு வந்து சேரும் என்று நம்பி உட்கார முடியவில்லை. வந்தாலும் போய் வாங்க வழியில்லை. அவளுக்கு வயது எழுபத்திரண்டு. வாசற்படி தாண்டக் கூடாது என்று பிள்ளைகள் எல்லோரும் போனிலேயே மிரட்டி வைத்திருந்தோம்.

“ஆரும் வரமாட்டா, எனக்குத் தெரியும். அதுக்காகப் படி கட்டாம இருக்க முடியுமோ?” என்றாள் வீடியோ அழைப்பில். பிறகு கேமராவைத் திருப்பிக் காட்டினாள். எதிரெதிரே இரண்டு திண்ணைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். இருவர் முகத்திலும் பழைய ரவிக்கைத் துணியில் வெட்டி ஒட்டிய முகக்கவசம். ஒருத்தி கையைச் சற்றே நீட்டி ஏதோ சொல்கிறாள். மற்றவள் தலையைச் சாய்த்திருக்கிறாள்.

“பாத்தயா, வாய் மூடியிருக்கு. ஆனா அவ சொல்றது இவளுக்குக் கேக்கறது” என்றாள் அத்தை.

நாகர்கோவிலில் என் வீட்டுச் சமையலறையில் நின்று அதைப் பார்த்தேன். நோய்க்காலத்தில் கலை என்ன செய்தது என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு திண்ணைகள்தான். திண்ணை என்பது வீடும் இல்லை, தெருவும் இல்லை. அதில் உட்கார்ந்தவர் வீட்டுக்குள் வந்துவிடவில்லை, தெருவில் நிற்கவும் இல்லை. வழிப்போக்கன் அங்கே இளைப்பாறலாம், எதிர்வீட்டுக்காரி அங்கிருந்தே குழம்புக்கு என்ன என்று கேட்கலாம். விலகியிருந்தே சேர்ந்திருக்க நம் முன்னோர் கட்டிவைத்த இடம் அது. புதுவீடு கட்டும்போது முதலில் இடித்ததும் அதைத்தான். 2020-இல் கதவுகள் எல்லாம் அடைபட்டபோது மனிதர்கள் வார்த்தையால், நிறத்தால், குரலால் அந்தத் திண்ணையைத் திரும்பக் கட்டினார்கள். கேரள முதல்வர் பினராயி விஜயன் அப்போது திரும்பத் திரும்பச் சொன்ன வாசகத்தின் பொருளும் அதுவே: உடல்கள் விலகியிருக்கட்டும், சமூகம் ஒன்றாக இருக்கட்டும்.

எழுபது கிலோமீட்டரும் ஒரு செக்போஸ்ட்டும்

கரமனையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரம் கோட்டையிலிருந்து நாகர்கோவில் சாலையில் கிளம்பினால் சாலைக் கடைத்தெரு, கிள்ளிப்பாலம் தாண்டி வருவது கரமனை. ஊரோடு அந்தப் பெயரைப் பகிரும் ஆறு அகத்தியர் மலைப் பக்கத்தில் பிறந்து, சுமார் 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு வடக்கே கடலைச் சேர்கிறது. அதே மலைத்தொடரின் மறுபக்கம் இறங்குவது தாமிரபரணி. மலை ஒன்று, தண்ணீர் இரண்டு பக்கம். தமிழும் அப்படித்தான் இந்த ஊரில் இரண்டு பக்கமும் வழிந்திருக்கிறது. ஆற்றங்கரையில் அக்ரஹாரமும் சத்தியவாகீசுவரர் கோயிலும் இருக்கின்றன. வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது வரைபடம்தான் பிரிந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததும், சாவுக்குப் போனதும் வந்ததும் நிற்கவில்லை. காலையில் பஸ் ஏறினால் அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு, இரவுக்குள் நாகர்கோவில். எழுபது கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. களியக்காவிளையில் எல்லை என்று ஒன்று இருப்பதே டீ குடிக்க இறங்கும்போதுதான் நினைவுக்கு வரும்.

இந்தியாவின் முதல் கொரோனா தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதியானது. வூஹானிலிருந்து திரும்பிய திருச்சூர் மாணவிக்கு. மார்ச் 15-இல் அன்றைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா ‘பிரேக் த செயின்’ இயக்கத்தைத் தொடங்கினார். பஸ் நிலையத்திலும் கடை வாசலிலும் குழாயும் சோப்பும் வைத்தார்கள். நகரம் கை கழுவிய அந்தத் தண்ணீர் பெரும்பாலும் அருவிக்கரையில் தேக்கி எடுக்கப்படும் கரமனை ஆற்றுத் தண்ணீர்தான். சில நாளில் கேரள போலீசார் முகக்கவசத்தோடு ஆடிக்கொண்டே கை கழுவிக் காட்டிய காணொளி உலகமெல்லாம் சுற்றியது. அறிவுரையாக வந்திருந்தால் இரண்டு நாளில் மறந்துபோயிருக்கும். தாளத்தோடு வந்ததால் குழந்தைகள் குழாயடியில் ஆடினார்கள்.

மார்ச் 24 இரவு நாடு முழுவதும் அடைப்பு. களியக்காவிளையில் தடுப்புக் கம்பி. இ-பாஸ் என்ற புதிய சொல். ஜூலை 6 முதல் திருவனந்தபுரத்தில் மும்மடங்கு ஊரடங்கு. ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் தொடங்கிவிட்டது என்று முதல்வரே அறிவித்தார். கரமனை ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்து மீனவ ஊர் பூந்துறை. போலீசும் கமாண்டோக்களும் வந்து இறங்கியதில் அங்கே மக்கள் கொதித்தார்கள், சுகாதாரப் பணியாளர்களோடு மோதல் வந்தது. அதே மக்கள் சில நாட்களுக்குள், திரும்பி வந்த மருத்துவக் குழுவைச் சாலையின் இரு பக்கமும் நின்று பூத்தூவி வரவேற்றார்கள். மன்னிப்புக்கும் நன்றிக்கும் சொல் தேடிக் கிடைக்காதபோது மனிதர் கை பூவைத் தேடுகிறது. கலையின் முதல் எழுத்து அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பூஜப்புரையில் முளைத்த மரம்

கரமனைக்கு அடுத்த பேட்டை பூஜப்புரை. வெளியூர்க்காரர்களுக்கு அது மத்தியச் சிறை இருக்கும் இடம். 2020 மார்ச்சில் முகக்கவசம் கடைகளில் கிடைக்காமல் போனபோது கேரளச் சிறைகளில் கைதிகள் தையல் இயந்திரங்களில் உட்கார்ந்து அவற்றைத் தைத்துக் கொடுத்தார்கள். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் அடைபட்ட அந்த நாட்களில், ஏற்கெனவே அடைபட்டிருந்தவர்கள் நம் மூச்சுக்குத் துணி தைத்தார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

அதே பூஜப்புரையில்தான் கேரளப் பள்ளிகளின் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனமும் பாடத்திட்டம் வகுக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி.யும் இருக்கின்றன. 2020 ஏப்ரலில், பரீட்சை நின்று பள்ளி நின்று குழந்தைகள் வீட்டில் முடங்கியிருந்தபோது, கேரளப் பொதுக் கல்வித் துறை ‘அட்சரவிருட்சம்’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. எழுத்து மரம். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையும் கதை, கவிதை, கட்டுரை எழுதலாம். சுற்றுச்சூழல், தூய்மை, நோய்த்தடுப்பு என்று பொருள் மட்டும் கொடுத்தார்கள். எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினால், அது அந்தந்தப் பள்ளியின் பெயரில் ‘ஸ்கூல் விக்கி’ களஞ்சியத்தில் ஏறும். தேர்ந்தெடுத்தவற்றை எஸ்.சி.இ.ஆர்.டி. தொகுதிகளாக அச்சிட்டது.

வந்து சேர்ந்த ஆக்கங்கள் 56,000-க்கும் மேல்.

அந்தப் பக்கங்களைப் பல இரவுகள் புரட்டியிருக்கிறேன். கொரோனாவை அரக்கனாக்கியவர்கள் ஏராளம். கிருமியே தன் வரலாற்றைச் சொல்வதாக எழுதியவர்களும் நிறைய. வாத்தியார் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள் தெரிகின்றன. பெரியவர்களின் பயம் அப்படியே பிரதியாகியிருப்பதும் தெரிகிறது. ஆனால் நடுவில் திடீரென்று ஒரு வரி குழந்தையின் சொந்த வரியாக வந்து நிற்கும். பயந்ததைச் சொல்லும், காத்திருப்பதைச் சொல்லும், பக்கத்து வீட்டுத் தோழியைச் சொல்லும். அந்த ஒரு வரிக்காகத்தான் மரம் நட்டது.

இதை வெறும் பொழுதுபோக்கு ஏற்பாடாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் முதல்வர் பினராயி விஜயன் பத்திரிகையாளர்களிடம் சொன்னது: மார்ச் 25-க்குப் பிறகு கேரளத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட 66 குழந்தைகள் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள். போனில் ஓயாமல் இருந்ததற்குத் திட்டியது, படிப்புக்காகக் கண்டித்தது போன்ற காரணங்கள். கதவு அடைத்த வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் மனசுக்கு வாசல் இல்லாமல் போவது எவ்வளவு சீக்கிரம் நடந்துவிடுகிறது! அதன்பின் அரசு ‘சிரி’ என்ற பெயரில் குழந்தைகள் மனம்விட்டுப் பேசத் தொலைபேசிச் சேவை தொடங்கியது. ‘தனியாக இல்லை, கூடவே இருக்கிறோம்’ என்னும் பொருள்பட ‘ஒற்றக்கல்ல ஒப்பமுண்டு’ என்ற உளவியல் துணைத் திட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. எழுதச் சொல்வதும் பேசச் சொல்வதும் ஒரே சிகிச்சையின் இரண்டு கைகள்.

நாளுக்கொரு கதை

இந்த ஊருக்குத் தனிமை புதிதில்லை. தமிழின் தனிமையை மிக ஆழமாக எழுதிய நகுலன், கௌடியார் பக்கத்து கோல்ஃப் லிங்க்ஸ் சாலை வீட்டில்தான் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். ஆனால் அந்த வீடு அடைபட்ட வீடாக இருக்கவில்லை. 1968-இல் அவர் தொகுத்த ‘குருக்ஷேத்திரம்’ தமிழ் நவீன இலக்கியத்தின் நல்ல எழுத்துகளை ஒரு பந்தியில் உட்காரவைத்தது. தனியாக இருந்தவர் மற்றவர்களைச் சேர்த்துவைத்தார்.

கரமனையிலிருந்து நடக்கும் தூரத்தில் சாலைக் கடைத்தெரு. அங்கே பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து பார்த்த சுமைதூக்கிகளையும் தரகர்களையும் திருடர்களையும் கதைகளாக்கினார். அவருடைய ‘கிருஷ்ணப் பருந்து’ இந்த நகரத்தின் தமிழ் நாவல்களில் முக்கியமான ஒன்று. 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2021 ஜனவரி 5 அன்று, எண்பத்தாறு வயதில் காலமானார். இயல்பான காலமாக இருந்திருந்தால் கடைத்தெருவே திரண்டிருக்கும். அவர் வாசகர்கள் பலரும் அவரவர் வீட்டில் அவர் புத்தகத்தைத் திறந்துவைத்துத்தான் அஞ்சலி செய்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, 2020 டிசம்பர் 23 அன்று, மலையாளத்தின் பெரும் கவி சுகதகுமாரியைக் கொரோனாவே திருவனந்தபுரத்தில் கொண்டுபோனது. தனக்கு மாலையும் மரியாதையும் வேண்டாம், ஒரு மரம் நடுங்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தவர் அவர்.

எல்லைக்கு இந்தப் பக்கம், நாகர்கோவில் பார்வதிபுரத்தில், எழுத்தாளர் ஜெயமோகன் அந்த வசந்தத்தில் ஒரு காரியம் செய்தார். ஊரடங்கு தொடங்கிய நாட்களிலிருந்து தினமும் ஒரு சிறுகதையாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டார், யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று. ‘புனைவுக் களியாட்டு’ என்று பெயர். கதைகள் நூறு வரை போயின. பிறகு பல தொகுதிகளாக அச்சில் வந்தன. அவற்றில் ‘ஆயிரம் ஊற்றுகள்’ தொகுதிக் கதைகள் பழைய வேணாட்டிலும் திருவிதாங்கூரிலும் நடப்பவை. நம் ஊர்களின் பழைய ராணிகளும் படைகளும் பஞ்சங்களும் அதில் வருகிறார்கள்.

அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் என்ன எண்ணிக்கை என்று பார்ப்பது எல்லோருக்கும் வந்துவிட்ட நோய். என் அத்தைக்கு மட்டும் அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: “இன்னிக்கிக் கதை வந்துடுத்தா?” சின்ன எழுத்து அவள் கண்ணுக்கு எட்டாது. நான் போனில் வாசித்துக் காட்டுவேன். சில கதைகள் இரண்டு தவணை. நடுவில் நிறுத்தி, “இரு, அந்த வழி எனக்குத் தெரியும். சின்ன வயசுல வண்டியில போயிருக்கேன்” என்று அவள் ஒரு கதை தொடங்குவாள். எழுத்தாளர் எழுதியது ஒன்று, எங்களுக்குக் கிடைத்தது இரண்டு. இப்படி எத்தனை வீடுகளில் எத்தனை கதைகள் கிளைத்தன என்று யார் எண்ண முடியும்? 1348-இல் இத்தாலியைப் பிளேக் அழித்த பிறகு பொக்காச்சியோ எழுதிய ‘டெக்கமரான்’ நூலிலும் இதே ஏற்பாடுதான். நோய்க்குப் பயந்து ஊருக்கு வெளியே ஒதுங்கிய பத்துப் பேர், பத்து நாளில் நூறு கதை சொல்லித் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள். கொள்ளைநோயின் பெயர் மாறுகிறது, அதற்கான கைம்மருந்து மாறவில்லை.

மாலை 6 மணி

2020 மார்ச் முடிவதற்குள்ளேயே கொரோனா விழிப்புணர்வுக்காக வைரமுத்து எழுத, எஸ்.பி. பாலசுப்ரமணியம் மெட்டமைத்துப் பாடிய பாட்டு வந்தது. மே மாதம் மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் நன்றியாக இளையராஜா இசையமைத்த ‘பாரத பூமி’யையும் அவர்தான் பாடினார். நமக்குத் தைரியம் சொன்ன அந்தக் குரல் ஆகஸ்ட் 5 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தது. பத்து நாளில் நிலைமை மோசமானது.

ஆகஸ்ட் 20. இயக்குநர் பாரதிராஜாவும் இளையராஜா, ரஜினிகாந்த், கமல்ஹாசன், ஏ.ஆர். ரஹ்மான் உள்ளிட்ட திரையுலகத்தாரும் ஓர் அழைப்பு விடுத்தார்கள். மாலை 6 மணிக்கு அவரவர் இருக்கும் இடத்தில் எஸ்.பி.பி.யின் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திப்போம் என்றார்கள். எங்கள் தெருவில் ஐந்து ஐம்பதுக்கே ஜன்னல்கள் திறந்தன. ஒரு வீட்டில் டிரான்சிஸ்டர், ஒரு வீட்டில் போன், மாடியில் ஒரு பெரிய ஸ்பீக்கர். எல்லாம் வெவ்வேறு பாட்டு. ஒரு பாட்டும் தெளிவாகக் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே குரல். ஐந்து மாதமாக முகம் பார்க்காத எதிர்வீட்டு அம்மாவும் நானும் பால்கனியில் ஒருவரை ஒருவர் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம். கரமனையிலும் அப்படித்தான் என்று அத்தை சொன்னாள். அங்கே யாரோ ஒரு மலையாளப் பாட்டைப் போட்டார்களாம்.

செப்டம்பர் 25 அன்று அந்தக் குரல் நின்றது. பிரார்த்தனை பலிக்கவில்லை என்று சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அந்த மாலையில் நாங்கள் ஒருவரையொருவர் கண்டோம். துக்கத்தைத் தனியாகத் தூக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டோம்.

பல்லக்கில் வந்த சரஸ்வதி, வாசலுக்கு வந்த பொங்கலை

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டுச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவார்கள். சரஸ்வதி யானைமேல் வருவாள். அந்தச் சிலை கம்பர் பூசித்தது என்பது ஐதீகம். தமிழ்க் கவியின் தெய்வம் ஆண்டுதோறும் மலையாள நாட்டுக்குப் போகிறாள். போகும் வழியில் கரமனையில் தங்கி, நகரம் கூடி வரவேற்க, கோட்டைக்குள் நுழைகிறாள். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் அவள் முன்னால் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள் ஒலிக்கும். கைதட்டல் கிடையாது. பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த அந்த மண்டபத்தில் 2006-இல் முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பி. பொன்னம்மாள். அவரும் 2021 ஜூனில் மறைந்தார்.

2020 அக்டோபரில் ஊர்வலம் நிற்கவில்லை. ஆனால் யானையும் மேளதாளக் கூட்டமும் இல்லாமல், பல்லக்கில், எண்ணி எடுத்த ஆட்களோடு வந்தாள் சரஸ்வதி. வருஷம் தவறாமல் தெருவில் நின்று கும்பிட்ட அத்தை, அந்த முறை கொலுப்படி முன்னால் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரு கிருதியை முழுதாகப் பாடினாள். போனைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தாள். அந்தப் பக்கம் நாகர்கோவில், சென்னை, துபாய் என்று நாங்கள் பதினோரு பேர். சரணத்தில் இணைய இணைப்பு அறுந்தது. மறுபடி இணைந்தபோது அவள் நிறுத்தாமல் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

நான்கு மாதம் கழித்து ஆற்றுக்கால் பொங்கலை. கரமனைக்குப் பக்கத்திலேயே கோயில். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு. மற்ற வருஷங்களில் கரமனைத் தெருக்களில் கால்வைக்க இடமிருக்காது. செங்கல் மூன்று வைத்து, புதுப் பானை ஏற்றி, கொதும்பும் ஓலையும் எரித்து, கண் எரிய எரியப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அறிமுகம் இல்லாதவள் ஒருத்தி தன் பானையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவாள். 2021 பிப்ரவரி 27 அன்று கோயிலில் அதன் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பு மட்டும் எரிந்தது. மற்றவர்கள் அவரவர் வாசலில் பொங்கலிட்டார்கள்.

பொங்கலை வழிபாடு. ஆனால் அதன் உள்ளே இருப்பது ஒரு பாட்டு. கண்ணகியின் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடிவந்து, பாண்டியன் வதம் வரும் இடத்துக்குப் பிறகுதான் அடுப்பில் தீ வைப்பார்கள். ஒரு கதையின் உச்சத்தில் ஒரு நகரம் அடுப்பு மூட்டுவதை வேறெங்கே பார்க்க முடியும்? அந்த வருஷமும் கதை அந்த இடத்துக்கு வந்ததும் தொலைக்காட்சியில் பார்த்து ஆயிரம் ஆயிரம் வாசல்களில் ஒரே நேரத்தில் தீ ஏறியது. தெருவில் இறங்கி நடந்தவர்கள் சொன்னார்கள், புகை எல்லா வீட்டிலிருந்தும் கிளம்பி மேலே போய் ஒன்றாகிவிட்டது என்று.

பாடியவர் வீட்டு அடுப்பு

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். கலை நமக்குத் தைரியம் கொடுத்தது. அதைக் கொடுத்தவர்களின் வீட்டில் அரிசி இருந்ததா என்று நாம் எல்லோரும் கேட்கவில்லை. கேரளத்தில் கோயில் திருவிழாக்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரை. அந்த ஆறு மாத வருமானத்தில் வருஷம் முழுவதும் சாப்பிடுபவர்கள் கதகளி வேஷக்காரர்களும் செண்டைக்காரர்களும் நாதஸ்வரக்காரர்களும் நாடகக் குழுக்களும். 2020-இல் பருவம் பாதியில் நின்றது. 2021-லும் அது முழுதாகத் திரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கரகாட்டக்காரருக்கும் தவில்காரருக்கும் இதே கதிதான். 2021-இல் கேரளப் பண்பாட்டுத் துறை, திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள பாரத் பவன் வழியாக ‘மழமிழி’ என்ற இணையக் கலைவிழாவை நடத்திக் கலைஞர்களுக்கு மேடையும் ஊதியமும் கொடுத்தது. சென்னையில் சபாக்கள் 2020 மார்கழிக் கச்சேரிகளை இணையத்தில் கட்டணம் வைத்து நடத்தின. நல்ல முயற்சிகள். ஆனாலும் ஆள் இல்லாத அறையில் கேமராவைப் பார்த்துச் செண்டை அடிப்பவனின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரே தலையாட்டும் ஒரு ரசிகர் எவ்வளவு மதிப்புள்ளவர் என்று.

கருவி இல்லாதவர்களின் கதையும் உண்டு. 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது, முதல் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஆசிரியை ஒரே நாளில் கேரளத்தின் செல்லமானார். அதே நாளில் மலப்புறத்தில், வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி, ஸ்மார்ட்போனும் இல்லாமல், பாடத்தைப் பார்க்க முடியாத ஒரு பள்ளி மாணவி உயிரை விட்டாள். டி.வி.யோ இணையமோ எட்டாத பிள்ளைகள் அப்போது சுமார் 2.6 லட்சம் என்பது அரசின் கணக்கு. அதன்பின் நூலகங்களிலும் மையங்களிலும் டி.வி. வைத்தார்கள், மக்களும் பழைய போன்களைக் கொடுத்தார்கள். திண்ணை கட்டும்போது யார் அதில் ஏற முடியாமல் கீழே நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் கட்டுபவரின் வேலை.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது

1986-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் ஒரு சோதனை செய்தார். மாணவர்கள் சிலரைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குக் கால் மணி நேரம், மனசை வதைத்த அனுபவத்தை உள்ளபடி எழுதச் சொன்னார். வேறு சிலரைச் சாதாரண விஷயங்களை எழுதச் சொன்னார். அடுத்து வந்த மாதங்களில் மனக்காயத்தையும் அதன் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். பின்னால் பலரும் இந்தச் சோதனையைச் செய்தபோது பலன் கூடியும் குறைந்தும் தெரிந்தது. 2019 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை நிற்கின்றன என்று அறிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே வூஹானில் நோய் தென்பட்டது. அறிக்கையைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். அதன்படி நடந்தவர்கள் கோடிப் பேர்.

எனக்குத் தெரிந்த அளவில் காரணம் எளிது. பயம் வடிவம் இல்லாதது. அதைக் கதையாகவோ கோலமாகவோ பாட்டாகவோ செய்யும்போது அதற்கு ஓர் ஆரம்பமும் முடிவும் வந்துவிடுகிறது. கைக்குள் அடங்குகிறது. கைக்குள் அடங்கியதை இன்னொருவரிடம் நீட்டலாம். அவர் வாங்கிக்கொண்டால் இரண்டு பேர் ஆகிவிட்டோம். நோய் நம்மை ஒவ்வொருவராகப் பிரித்து வைத்தது. செய்த பொருளை நீட்டி நாம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டோம்.

அந்த இரண்டு பெண்கள்

2022 நவராத்திரிக்குக் கரமனை போனேன். சரஸ்வதி யானைமேல் வந்தாள். தெரு முழுக்க ஜனம். அத்தை வீட்டுக் கொலுவில் மரப்பாச்சிக்குக் கீழே, செட்டியார் கடைப் பொம்மைக்குப் பக்கத்தில், அந்த இரண்டு திண்ணைகளும் இருந்தன. காகிதக்கூழ் சற்றே வெடித்திருந்தது. முகக்கவசம் நிறம் மங்கியிருந்தது.

“இனி இந்த மாஸ்க்கை எடுத்துடலாமே, அத்தை?” என்றேன்.

“எதுக்கு எடுக்கணும்? இருக்கட்டும். அந்த வருஷம் அப்படித்தானே இருந்தோம். அதோடயேதானே பேசிண்டோம்” என்றாள். சொல்லிவிட்டு, காது பக்கம் அவிழ்ந்திருந்த நூலை எடுத்துப் பசை தடவி மறுபடி ஒட்டினாள்.

பூஜப்புரையின் எழுத்து மரம் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. நூறு கதைகள் அச்சில் இருக்கின்றன. ஆனால் வீடுகளில் செய்தவை? போனில் இடமில்லை என்று தினமும் அழிந்துகொண்டிருக்கின்றன. பிள்ளை வரைந்த கொரோனா அரக்கன், அப்பா பாடி அனுப்பிய குரல் பதிவு, மாமி வாசலில் போட்டு அனுப்பிய தேர்க்கோலம் எல்லாம். இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி 2020-ஆம் வருஷத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். அழிக்கும் முன் ஒன்றையாவது அச்செடுத்து, பின்பக்கம் தேதியும் செய்தவர் பெயரும் எழுதிவையுங்கள். அத்தை அன்று நூலை ஒட்டிய பிறகு பொம்மையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினாள். பேனாவால் எழுதியிருந்தாள்: கரமனை, 2020. கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, எனக்குத் தெரியாமலே, என் பெயர்.